முதல் மும்மாதக் கர்ப்பத்தில் வெள்ளையணு மாற்றங்களும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்: ஆய்வுமுறை நோக்கில் ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தாயின் இரத்தத்தில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை உயர்கிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தத்தைக் காட்டுவனவாகக் கருதப்படும் சில வேதிக் குறியீடுகளும் இக்காலத்தில் மாறுகின்றன. இவ்விரு மாற்றங்களையும் ஒரே இரத்த மாதிரியில் அளந்து, அவற்றிற்கிடையே உள்ள இணைவைக் கண்டு, அதனைக் கருச்சிதைவுக்கோ முன்சூல்வலிப்புக்கோ உரிய முன்னறிகுறியாக விளக்கும் ஆய்வுப் போக்கு ஒன்று நிலவுகிறது. இப்போக்கின் அடிப்படைகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. அளவீடு நிகழும் இடம், காலப் பகுப்பு, ஒப்பீட்டுக் குழு, குறியீடுகளின் நம்பகத்தன்மை, கலைச்சொல்லின் பொருள் ஆகிய ஐந்து நிலைகளிலும் இவ்விளக்கம் வலுவற்றது என்பது இங்கு நிறுவப்படுகிறது. உடலின் இயல்பான தகவமைப்பு நோயாகப் படிக்கப்படும்போது தாய்க்கு ஏற்படும் இழப்பும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: முதல் மும்மாதம், வெள்ளையணுக்கள், நியூட்ரோஃபில், ஆக்சிஜனேற்ற அழுத்தம், நஞ்சுக்கொடி, முன்சூல்வலிப்பு, ஆய்வுமுறை.

முன்னுரை

கருவுற்றதை உறுதிசெய்துகொள்ள மருத்துவமனைக்கு வரும் பெண்ணிடம் முதலில் செய்யப்படும் சோதனைகளுள் ஒன்று முழு இரத்த அணுக் கணக்கீடு. செலவு குறைந்த, எங்கும் கிடைக்கக்கூடிய இச்சோதனையிலிருந்து கர்ப்பத்தின் போக்கை முன்கூட்டியே அறிய இயலுமாயின் அது பெரும்பயன் தரும் என்பதில் ஐயமில்லை. இவ்வெதிர்பார்ப்பே வெள்ளையணு மாற்றங்களை ஆக்சிஜனேற்ற அழுத்தத்தோடு இணைத்து ஆராயும் முயற்சிகளுக்கு உந்துதலாக அமைந்தது.

இம்முயற்சிகளில் பெரும்பாலானவை ஒரு பொது அமைப்பைப் பின்பற்றுகின்றன. முதல் மும்மாதக் கர்ப்பிணிகள் ஒரு குழுவாகவும் கருவுறாத பெண்கள் மற்றொரு குழுவாகவும் கொள்ளப்படுவர். இரு குழுவினரிடமும் ஒரு முறை இரத்தம் எடுக்கப்படும். வெள்ளையணு வகைகள் எண்ணப்படும்; மாலோன்டைஆல்டிஹைடு, குளுட்டத்தயோன், சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் முதலியன அளக்கப்படும். வேறுபாடுகள் புள்ளியியல் முறையில் 'குறிப்பிடத்தக்கவை' எனக் காட்டப்படும். இறுதியில், கர்ப்பத்தின் தொடக்கத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் மிகுகிறது என்றும், வெள்ளையணுக்களே அதற்குக் காரணமாகலாம் என்றும், எதிர் ஆக்சிஜனேற்ற ஊட்டங்கள் பயன்தரலாம் என்றும் முடிவுரை எழுதப்படும்.

அளவீடுகள் துல்லியமானவை என ஏற்றுக்கொண்டாலும், அவற்றிலிருந்து இம்முடிவுக்குச் செல்லும் வழி சரியானதா என்பதே இக்கட்டுரையின் வினா.

1. வெள்ளையணுக்கள்: எண்ணிக்கையும் செயலும்

கருவுறாத வயதுவந்தோருக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளையணுக்கள் இருப்பது இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. கர்ப்பத்திற்கு இவ்வெல்லை பொருந்தாது. ஆக்ஸ்ஃபோர்டில் 24,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளின் இரத்தக் கணக்கீடுகளைக் கொண்டு 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, கர்ப்பகாலத்திற்குரிய இயல்பு வரம்பு ஏறத்தாழ 5,700 முதல் 15,000 வரை எனக் கண்டது. இவ்வுயர்வுக்குப் பெரிதும் காரணம் நியூட்ரோஃபில்கள். மோனோசைட்டுகளும் உயர்ந்தன, லிம்ஃபோசைட்டுகள் குறைந்தன, ஈசினோஃபில்களும் பேசோஃபில்களும் பெரிதாக மாறவில்லை. 8ஆவது வாரம் முதல் 40ஆவது வாரம் வரை இவ்வரம்பு பெரிதும் நிலையாக இருந்தது என்பது மேலும் நோக்கத்தக்கது. அதாவது, முதல் மும்மாதம் முடிவதற்கு முன்பே தாயின் உடல் புதிய நிலையொன்றை அடைந்துவிடுகிறது.

இப்புதிய நிலைக்குரிய காரணங்கள் ஓரளவு அறியப்பட்டவையே. கர்ப்பகால இயக்குநீர்கள் எலும்பு மஜ்ஜையின் அணு உற்பத்தியைத் தூண்டுகின்றன. கார்டிசோலின் உயர்வால், இரத்தக் குழாய்ச் சுவரை ஒட்டி நிற்கும் நியூட்ரோஃபில்கள் ஓட்டத்திற்குள் வருகின்றன. நியூட்ரோஃபில்களின் இயல்பான அழிவும் தாமதமாகிறது. இம்மூன்றும் சேர்ந்தால் எண்ணிக்கை உயரும். அவ்வுயர்வுக்கு நோய்த்தொற்றோ திசுச் சிதைவோ தேவையில்லை.

நியூட்ரோஃபில் ஆக்சிஜனேற்றப் பொருள்களை உண்டாக்கும் ஆற்றல் உடையது என்பது உண்மை. நுண்ணுயிரியை விழுங்கும்போது அதன் சவ்விலுள்ள என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்னும் நொதி சூப்பராக்சைடை உருவாக்குகிறது. அது ஹைட்ரஜன் பெராக்சைடாக மாறுகிறது. மைலோபெராக்சிடேஸ் நொதி அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலத்தை ஆக்குகிறது. ஆனால் இந்நொதித் தொகுதி ஓய்விலுள்ள அணுவில் பிரிந்து கிடக்கிறது. தூண்டுதல் வந்த பின்னரே ஒன்றுகூடிச் செயல்படுகிறது. ஆகவே எண்ணிக்கையைக் கொண்டு செயலை அளவிட இயலாது. காவல் நிலையத்தில் காவலர் எண்ணிக்கை கூடியது என்பதைக் கொண்டே ஊரில் கலவரம் மிகுந்தது என முடிவுசெய்வதை ஒத்தது அது. அணுக்களின் செயல்நிலையை நேரடியாக அளக்காத ஓர் ஆய்வு, எண்ணிக்கை உயர்வை ஆக்சிஜனேற்றப் பொருள்களின் ஊற்றாகக் கூறுவதற்கு அடிப்படை இல்லை.

2. 'அழுத்தம்' என்னும் சொல்லும் அதன் சுமையும்

'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்னும் கருத்து இன்றைய பொருளில் நிலைபெற்றது 1985ஆம் ஆண்டு ஹெல்முட் சீஸ் பதிப்பித்த நூலின்வழி எனலாம். ஆக்சிஜனேற்றும் பொருள்களுக்கும் அவற்றைத் தடுக்கும் பொருள்களுக்கும் இடையிலான சமநிலை முன்னவற்றின் பக்கம் சாய்வதும், அதனால் சிதைவு ஏற்படக்கூடும் என்பதும் அவர் தந்த விளக்கம். பின்னர் இவ்விளக்கம் விரிவுபெற்றது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை குறைந்த அளவில் அணுக்களுக்கிடையே செய்தி கடத்தும் பணியைச் செய்கின்றன என்பது தெளிவானபின், பயன்தரும் நிலையையும் சிதைக்கும் நிலையையும் சீஸ் தாமே வேறுபடுத்திக் காட்டினார். எனினும் கர்ப்பம் குறித்த ஆய்வுகள் பலவற்றில் 1985ஆம் ஆண்டின் ஒற்றைத் தராசே இன்றளவும் பயன்படுகிறது. ஒரு தட்டு உயர்ந்தால் மற்றது தாழும். தாழ்ந்தால் நோய் வரும் என்பதே அதன் உள்ளீடு.

தமிழில் இச்சிக்கல் மற்றொரு வகையிலும் மிகுகிறது. 'அழுத்தம்' என்னும் சொல் தமிழ் மருத்துவ வழக்கில் ஏற்கெனவே பல பொருள்களைச் சுமக்கிறது. 'இரத்த அழுத்தம்' என்பதில் அது குழாய்ச் சுவரின்மீது செயல்படும் விசை. 'மன அழுத்தம்' என்பது உளநெருக்கடியையும் உளச்சோர்வு நோயையும் வேறுபாடின்றிக் குறித்து வருகிறது. இவற்றோடு 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' என்பதும் சேரும்போது, இரத்த அழுத்த உயர்வையே முதன்மை அடையாளமாகக் கொண்ட முன்சூல்வலிப்பு பற்றிய கட்டுரையில் ஒரே பத்தியில் இரு வேறு 'அழுத்தங்கள்' இடம்பெறுகின்றன. ஒன்று மற்றொன்றின் வகை எனவோ காரணம் எனவோ வாசகர் மயங்க இடமுண்டு. இயற்பியல் பாடநூல்கள் பொருளின்மீது செயல்படும் விசையால் உள்ளே எழும் எதிர்விசையைத் 'தகைவு' எனவும், அதனால் நேரும் வடிவ மாற்றத்தைத் 'திரிபு' எனவும் பிரித்து வழங்குகின்றன. இலங்கைத் தமிழில் 'ஒட்சியேற்றம்' என்னும் வழக்கும் நிலைபெற்றுள்ளது. 'ஆக்சிஜனேற்றத் தகைவு' என்னும் ஆட்சி, தாங்கப்படும் சுமைக்கும் அதனால் விளையும் சிதைவுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லளவிலேயே காக்கும். சுமை இருப்பதனாலேயே சிதைவு உண்டு எனக் கொள்ளலாகாது. வழக்கிலுள்ள சொல்லே இக்கட்டுரையில் கையாளப்படினும், அதனை இப்பொருளிலேயே கொள்ளவேண்டும்.

3. நஞ்சுக்கொடியில் நிகழ்வது

முதல் மும்மாதத்தில் ஆக்சிஜன் தொடர்பான முதன்மை நிகழ்ச்சி தாயின் பொது இரத்த ஓட்டத்தில் நடைபெறுவதில்லை. கருப்பையினுள், உருவாகிவரும் நஞ்சுக்கொடியில் நடைபெறுகிறது. இதனை விளக்கியவர்களுள் கிரஹாம் பர்ட்டன், எரிக் ஜோனியோ ஆகியோரின் பங்கு முதன்மையானது. 2000ஆம் ஆண்டு வெளியான அவர்களது குழுவின் ஆய்வு, நஞ்சுக்கொடியின் ஆக்சிஜன் அழுத்தம் 8ஆவது வாரத்தில் 20 மி.மீ. பாதரசத்திற்கும் குறைவாக இருந்து 12ஆவது வாரத்தில் 50 மி.மீ. பாதரசத்திற்கும் மேலாக உயர்வதைக் காட்டியது. நான்கு வாரங்களில் இரண்டரை மடங்குக்கும் மேற்பட்ட உயர்வு இது.

இதற்குரிய காரணம் உடற்கூறு சார்ந்தது. கருப்பையின் சுருள் தமனிகளின் வாய்ப்பகுதிகளைக் கருவிலிருந்து தோன்றிய டிரோஃபோபிளாஸ்ட் செல்கள் தொடக்கத்தில் அடைத்துக்கொள்கின்றன. தாயின் இரத்தம் தாராளமாக நஞ்சுக்கொடிக்குள் பாய்வது தடுக்கப்படுகிறது. கருப்பைச் சுரப்பிகளின் சுரப்புகளே கருவுக்கு ஊட்டமாகின்றன. 10 முதல் 12 வாரங்களுக்குள் இவ்வடைப்புகள் படிப்படியாகத் தளர்கின்றன. முதலில் விளிம்பிலும் பின்னர் நடுவிலும் இரத்தம் பாய்கிறது. விளிம்பில் திடீரென உயரும் ஆக்சிஜனை எதிர்கொள்ளும் அளவுக்கு அங்குள்ள செல்களில் எதிர் ஆக்சிஜனேற்ற நொதிகள் இன்னும் வளர்ந்திருப்பதில்லை. அதனால் அப்பகுதியின் விரல் போன்ற நீட்சிகள் தேய்கின்றன. நஞ்சுக்கொடி இறுதியில் வட்டத் தட்டு வடிவம் பெறுவதற்கும், எஞ்சிய பகுதி மெல்லிய சவ்வாக மாறுவதற்கும் இத்தேய்வே காரணம் என்பது அவர்களது விளக்கம்.

இவ்விளக்கம் இரு செய்திகளை உணர்த்துகிறது. முதலாவது, ஓரிடத்தில் ஓரளவு ஆக்சிஜனேற்ற அழுத்தம் ஏற்படுவது இயல்பான கர்ப்பத்தின் பகுதி. அது உறுப்பை உருவாக்கும் நிகழ்ச்சி. இரண்டாவது, அதே நிகழ்ச்சி உரிய காலத்திற்கு முன்பாக, நஞ்சுக்கொடி முழுவதும் பரவலாக நிகழுமாயின் கர்ப்பம் நிலைக்காமல் போகலாம். கருச்சிதைவுற்ற கர்ப்பங்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் அடைப்பு முழுமையற்றிருந்ததும், இரத்தம் முன்னதாகவே நடுப்பகுதியில் பாய்ந்ததும் இவ்வாய்வு மரபில் சுட்டப்பட்டுள்ளன. ஆகவே ஆக்சிஜனேற்றம் உண்டா இல்லையா என்பதைவிட, அது எவ்விடத்தில், எந்த வாரத்தில், எந்த அளவில் நிகழ்கிறது என்பதே உண்மையான வினா ஆகிறது.

4. முழங்கைச் சிரையும் கருப்பையும்: இடமும் காலமும்

மேற்கண்ட வினாவுக்கு முழங்கைச் சிரையிலிருந்து எடுக்கப்படும் இரத்தம் விடை தருமா என்பது ஆராயத்தக்கது. 8ஆவது வாரத்தில் நஞ்சுக்கொடி மிகச் சிறிய உறுப்பு. அதனுள் தாயின் இரத்த ஓட்டமும் மிகக் குறைவு. அங்கு உருவாகும் வினைப்பொருள்கள் ஐந்து லிட்டர் அளவிலான பொது ஓட்டத்தில் கலந்தபின் தனித்து அடையாளம் காணப்படும் எனக் கருதுவதற்கு வலுவான சான்று வேண்டும். அத்தகைய சான்றை முன்வைக்காமலேயே, சிரை இரத்தத்தின் அளவீடு நஞ்சுக்கொடியின் நிலையைப் பிரதிபலிப்பதாகக் கொள்ளப்படுகிறது.

வெள்ளையணுக்களுக்கும் இது பொருந்தும். முதல் மும்மாதக் கருப்பை உட்படலத்திலுள்ள வெள்ளையணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு கருப்பைக்கே உரிய இயற்கைக் கொல்லி செல்கள். அவற்றிற்கு அடுத்த நிலையில் மேக்ரோஃபேஜ்களும் டி செல்களும் அமைகின்றன; நியூட்ரோஃபில்கள் அங்கு மிகக் குறைவு. சிரை இரத்தத்தில் இந்நிலை தலைகீழாகிறது. நியூட்ரோஃபில்களே அங்குப் பெரும்பான்மை. இயற்கைக் கொல்லி செல்கள் சிறுபான்மை. மேலும் கருப்பையிலுள்ள இயற்கைக் கொல்லி செல்கள் தம் பெயருக்கு மாறாக, கொல்லும் தொழிலைவிடத் தமனிகளின் உருமாற்றத்திற்குத் துணைபுரிவதையே முதன்மையாகச் செய்கின்றன. இரு தொகுதிகளும் பெயரளவில் ஒன்றாயினும் தன்மையில் வேறுபட்டவை.

காலப் பகுப்பும் இதே அளவு கருதத்தக்கது. ஆக்சிஜன் அழுத்தம் நான்கு வாரங்களில் மடங்காக உயரும் ஒரு காலத்தை 'முதல் மும்மாதம்' என ஒரே கட்டத்தில் அடக்குவது பொருந்தாது. 7ஆவது வாரப் பெண்ணும் 12ஆவது வாரப் பெண்ணும் ஒரே குழுவில் இடம்பெறும்போது, அக்குழுவின் சராசரி இருவருள் எவருடைய நிலையையும் குறிப்பதில்லை. கடைசி மாதவிடாய் நாளை நினைவிலிருந்து கூறக்கேட்டு வாரம் கணக்கிடப்படுமாயின் பிழை மேலும் மிகும். கருவின் தலை முதல் பிட்டம் வரையிலான நீளத்தை மீயொலி வரைவில் அளந்து காலத்தை உறுதிசெய்த ஆய்வுகளுக்கே இப்பொருளில் எடை உண்டு.

5. அளவீட்டுக் குறியீடுகளின் நம்பகத்தன்மை

கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைக் காட்ட மிகுதியும் பயன்படுவது மாலோன்டைஆல்டிஹைடு. இதனைத் தயோபார்பிட்யூரிக் அமிலத்துடன் சூடாக்கி, தோன்றும் நிறத்தின் செறிவைக் கொண்டு அளக்கும் முறை எளியது, செலவு குறைந்தது. ஆயினும் வேறு பல சேர்மங்களும் அவ்வமிலத்துடன் வினைபுரிந்து நிறம் தருகின்றன. சூடாக்கும் செயலே மாதிரியிலுள்ள கொழுப்பை ஆக்சிஜனேற்றி மாலோன்டைஆல்டிஹைடைப் புதிதாக உண்டாக்கக்கூடும். சிவப்பணு சிதைந்த மாதிரியில் முடிவு மேலும் மாறும். நிறை நிறமாலைமானியால் அளக்கப்படும் எஃப்2-ஐசோபுரோஸ்டேன்கள் இதனினும் நம்பத்தக்கவை. ஆனால் செலவு மிகுந்தவை. சோதனைக் கூடத்தின் வசதியே குறியீட்டைத் தீர்மானிக்கிறது என்பது புரிந்துகொள்ளத்தக்கது. அவ்வாறாயின், முடிவை முன்வைக்கும் தொனியும் அவ்வசதிக்கு ஏற்ப அடங்கியிருத்தல் வேண்டும்.

'மொத்த எதிர் ஆக்சிஜனேற்றத் திறன்' என்னும் குறியீடு இன்னும் நுட்பமான ஒரு பிழைக்கு இடமளிக்கிறது. இரத்த நிணநீரின் இத்திறனில் பெரும்பங்கு யூரிக் அமிலத்திற்கு உரியது, ஆல்புமினுக்கும் பங்குண்டு. கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே சிறுநீரகத்தின் வடிகட்டும் வீதம் உயரத் தொடங்கி, முதல் மும்மாதத்தின் இறுதியில் ஏறத்தாழ 50 விழுக்காடு மிகுகிறது. இரத்த நிணநீரின் கொள்ளளவும் பெருகுகிறது. இவற்றால் யூரிக் அமிலமும் ஆல்புமினும் செறிவு குறைகின்றன. அதன் விளைவாக 'மொத்தத் திறன்' தாழ்ந்ததாகத் தோன்றும். இங்குத் தற்காப்பு ஆற்றல் செலவழிந்துவிடவில்லை. சிறுநீரகம் தன் பணியைச் சிறப்பாகச் செய்கிறது. ஒரே எண்ணை ஒருவர் நலிவு எனவும் மற்றொருவர் நலம் எனவும் படிக்க இயலுமாயின், அவ்வெண் தனித்து நின்று எதனையும் நிறுவாது.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. கடும் குமட்டலும் வாந்தியும் உடைய பெண்ணின் உடலில் நீர் குறைந்து இரத்தம் செறிவடையும். அப்போது வெள்ளையணு எண்ணிக்கையும் வேதிக் குறியீடுகளும் ஒருசேர உயர்ந்து காணப்படும். இவ்விணைவு உடல்நீரின் அளவால் விளைந்ததாகும்.

6. இணைவும் காரணமும்

ஐந்து வகை வெள்ளையணுக்களையும் ஆறு வேதிக் குறியீடுகளையும் ஒன்றோடொன்று ஒப்பிடும் ஆய்வில் 30 இணைவுக் கெழுக்கள் கிடைக்கும். 5 விழுக்காடு என்னும் வழக்கமான புள்ளியியல் எல்லையைக் கொண்டால், எவ்வித உண்மைத் தொடர்பும் இல்லாத நிலையிலும் சராசரியாக ஒன்று அல்லது இரண்டு 'குறிப்பிடத்தக்க' இணைவுகள் தற்செயலாகத் தோன்றும். அவற்றை மட்டும் சுருக்கத்தில் எழுதி, எஞ்சியவற்றை அட்டவணையில் விட்டுவிடுவது வாசகரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

உண்மையாகவே இணைவு இருப்பினும் அதற்குப் பொதுக்காரணம் ஒன்று பின்னணியில் இருக்கக்கூடும். கர்ப்ப வாரம் முன்னேற முன்னேற இயக்குநீர்கள் மாறுகின்றன, அவற்றால் வெள்ளையணுக்களும் மாறுகின்றன, நஞ்சுக்கொடியும் வளர்கிறது. காலத்தால் ஒருங்கே மாறும் இரண்டு அளவுகள் ஒன்றையொன்று தொடாமலேயே இணைந்து காணப்படும். புகைபிடித்தல், உடற்பருமன், அறிகுறியற்ற நோய்த்தொற்று ஆகியவை வெள்ளையணுக்களையும் ஆக்சிஜனேற்றக் குறியீடுகளையும் ஒருசேர உயர்த்தவல்லவை. இந்தியச் சூழலில் இரத்தசோகையும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019–21) இந்நாட்டுக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர். ஹீமோகுளோபின் அளவையும் இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்ளலையும் கணக்கில் கொள்ளாத ஓர் ஆய்வு, இரும்பின் விளைவைக் கர்ப்பத்தின் விளைவாக எழுதிவிடக்கூடும்.

கருச்சிதைவுற்ற பெண்களையும் கர்ப்பம் தொடரும் பெண்களையும் ஒப்பிடும் ஆய்வுகளில் மற்றொரு சிக்கல் எழுகிறது. கரு உயிரிழந்து சில நாள்கள் கழிந்தபின் எடுக்கப்படும் இரத்தத்தில் திசு அழிவின் விளைவுகளும் கலந்திருக்கும். அவ்வளவீடு இழப்பின் காரணத்தைக் காட்டுகிறதா, விளைவைக் காட்டுகிறதா எனப் பிரித்தறிய வழியில்லை. இழப்புக்கு முன்னரே எடுக்கப்பட்டுச் சேமிக்கப்பட்ட மாதிரிகளே இவ்வினாவுக்கு விடை தர இயலும்.

7. மருந்துச் சோதனைகள் தந்த பாடம்

இக்குறைகள் ஏட்டளவில் நின்றுவிடுபவை அல்ல என்பதற்கு எதிர் ஆக்சிஜனேற்ற வைட்டமின்களின் வரலாறு சான்றாகும். 1999ஆம் ஆண்டு லூசி சாப்பெல் முதலானோர் முன்சூல்வலிப்பு வாய்ப்பு மிகுந்த 283 பெண்களிடம் வைட்டமின் சி, வைட்டமின் ஈ ஆகியவற்றைச் சோதித்தனர். போலி மருந்து பெற்றோரில் 17 விழுக்காட்டினருக்கும் வைட்டமின் பெற்றோரில் 8 விழுக்காட்டினருக்கும் முன்சூல்வலிப்பு ஏற்பட்டது. கோட்பாடு மெய்ப்பட்டுவிட்டதாகவே அன்று தோன்றியது.

பெரிய அளவிலான சோதனைகள் அவ்வெதிர்பார்ப்பைத் தாங்கவில்லை. 2006ஆம் ஆண்டு லூசிலா போஸ்டன் தலைமையில் பிரிட்டனில் 2,410 பெண்களிடம் நிகழ்ந்த சோதனையில் முன்சூல்வலிப்பு வைட்டமின் குழுவில் 15 விழுக்காடும் போலி மருந்துக் குழுவில் 16 விழுக்காடுமாக இருந்தது. எடை குறைந்த குழந்தைகளின் பிறப்போ வைட்டமின் குழுவில் 28 விழுக்காடாகவும் மற்றதில் 24 விழுக்காடாகவும் அமைந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவில் 1,877 பெண்களிடம் நடந்த சோதனையும் பயன் காணவில்லை. 'தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் பயன்பட்டிருக்கும்' என்னும் வாதத்திற்கு 2010ஆம் ஆண்டு வெளியான அமெரிக்கச் சோதனை விடையளித்தது. 10,154 பெண்களுக்கு 9 முதல் 16 வாரங்களுக்குள்ளாகவே வைட்டமின்கள் தொடங்கப்பட்டும் முன்சூல்வலிப்பு குறையவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2016ஆம் ஆண்டுப் பேறுகால முன்கவனிப்புப் பரிந்துரைகள், தாய்சேய் நலன் கருதி வைட்டமின் சி, ஈ ஊட்டங்களைக் கொடுப்பதை ஏற்கவில்லை.

இத்தோல்வியிலிருந்து ஆக்சிஜனேற்றத்திற்கு முன்சூல்வலிப்பில் பங்கே இல்லை என முடிவுகட்டுதல் மிகையாகும். அவ்வைட்டமின்கள் உரிய இடத்தை அடையாமல் இருந்திருக்கலாம். நோயின் விதை அவற்றிற்கு முன்பே ஊன்றப்பட்டிருக்கலாம். ஆனால் ஒன்று உறுதி. இரத்தக் குறியீடு மாறுகிறது, ஆகவே அதனைத் திருத்தினால் நோய் தடுக்கப்படும் என்னும் நேர்க்கோட்டு வாதம் பல்லாயிரம் பெண்களின் பங்கேற்புடன் சோதிக்கப்பட்டு வீழ்ந்துவிட்டது. அச்சோதனைகளைக் குறிப்பிடாமலேயே இன்றும் ஒரு கட்டுரை தன் முடிவுரையில் எதிர் ஆக்சிஜனேற்ற ஊட்டத்தைப் பரிந்துரைக்குமாயின், அதனை ஆய்வாளரின் கவனக்குறைவு என மட்டும் கடந்து செல்ல இயலாது. மதிப்பீட்டாளரும் பதிப்பாசிரியரும் அப்பொறுப்பில் பங்குடையவர்.

8. மருத்துவ நடைமுறையில் விளைவு

இப்பொருளில் நேரும் பிழை இரு திசைகளிலும் தாயைத் தாக்குகிறது. 1992ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட உடல்தழுவிய அழற்சி அளவுகோலில், ஒரு மைக்ரோலிட்டருக்கு 12,000க்கு மேற்பட்ட வெள்ளையணுக்கள் ஓர் எச்சரிக்கைக் குறி. கர்ப்பிணிகளின் இயல்பு வரம்போ 15,000 வரை செல்கிறது. நலமுடன் உள்ள பெண் ஒருவரின் அறிக்கையில் 13,000 என்னும் எண்ணுக்கு அருகே ஆய்வுக்கூடம் இடும் 'மிகை' என்னும் குறி, கருவுறாதோருக்கான எல்லையை ஒட்டியது. அக்குறியைக் கண்டு தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் தரப்படலாம். நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதமும் அத்தகையதே. முன்னது உயர்ந்து பின்னது குறைவது கர்ப்பத்தின் இயல்பாதலால் அவ்விகிதம் தானே உயரும். கருவுறாதோரிடம் வகுத்த எல்லையைக் கொண்டு அதனை ஆபத்துக் குறியாகப் படித்தல் பொருந்தாது.

மறுபுறம், எல்லா உயர்வையும் கர்ப்பத்தின் இயல்பு என ஒதுக்குவதும் தீங்கானது. சிறுநீர்த் தொற்று, குடல்வால் அழற்சி போன்றவை கர்ப்பத்தின் தொடக்கத்திலும் நேரக்கூடியவை. காய்ச்சல், வலி, நாடித்துடிப்பு, முந்தைய அளவீட்டிலிருந்து ஏற்பட்ட மாற்றம் ஆகியவற்றோடு சேர்த்துப் படிக்கும்போதே எண்ணிக்கை பொருள் பெறுகிறது. முன்னரே கருச்சிதைவுற்று மீண்டும் கருவுற்ற பெண்ணிடம் 'உங்கள் இரத்தத்தில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் மிகுந்துள்ளது' எனக் கூறுதல் சிகிச்சைக்கு வழிவகுப்பதில்லை. சென்ற இழப்புக்குத் தன் உடலே குற்றவாளி என்னும் எண்ணத்தையே அது அவரிடம் விதைக்கும்.

9. நம்பத்தக்க ஆய்வுக்குரிய அளவுகோல்கள்

மேற்கண்ட மதிப்பீட்டிலிருந்து சில அளவுகோல்களை வகுக்கலாம். கருவுறுதலைத் திட்டமிடும் பெண்களிடம் கருவுறுவதற்கு முன்பே முதல் அளவீடு எடுக்கப்பட்டு, அதே பெண் பின்னர் வாரந்தோறுமோ இரு வாரங்களுக்கு ஒருமுறையோ தொடரப்பட வேண்டும். அவ்வாறாயின் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒப்பீடாவர். கர்ப்ப வாரம் மீயொலி வரைவால் உறுதிசெய்யப்பட வேண்டும். வெள்ளையணுக்கள் நாளின் நேரத்திற்கேற்ப மாறுவதால் இரத்தம் ஒரே நேரத்தில் எடுக்கப்பட வேண்டும். விழுக்காட்டுடன் முழு எண்ணிக்கையும் தரப்பட வேண்டும். அணுக்களின் செயல்நிலை தனியே அளக்கப்பட வேண்டும். நிணநீர்க் கொள்ளளவு, யூரிக் அமிலம், கொழுப்பு, ஹீமோகுளோபின், உடல் நிறை, புகை, மருந்துகள் ஆகியவை கணக்கில் கொள்ளப்பட வேண்டும். எந்த இணைவு முதன்மையாகச் சோதிக்கப்படும் என்பது முன்கூட்டியே பதிவுசெய்யப்பட வேண்டும். கர்ப்பத்தின் முடிவு வரை பெண்கள் தொடரப்பட வேண்டும்.

இவையனைத்தையும் ஒரு சிறிய ஆய்வுக்குழு நிறைவேற்றுதல் அரிது என்பது உண்மையே. ஆயினும் வசதி குறைந்த ஆய்வும் பயனற்றதன்று. ஒரு வட்டாரத்தின் நலமுள்ள கர்ப்பிணிகளுக்குரிய வெள்ளையணு வரம்பை வாரவாரியாக வரையறுத்துத் தருவது எளிய ஆய்வே; அது மருத்துவருக்கு நாள்தோறும் பயன்படும். தம் வசதிக்கு உட்பட்ட வினாவை எடுத்துக்கொண்டு அதற்கு முழுமையான விடை காணும் ஆய்வு, எட்டாத வினாவுக்கு அரைகுறை விடை தரும் ஆய்வைவிட மேலானது.

முடிவுரை

முதல் மும்மாதத்தில் வெள்ளையணுக்கள் உயர்வதும், நஞ்சுக்கொடியில் ஆக்சிஜன் சார்ந்த பெருமாற்றம் நிகழ்வதும் நிறுவப்பட்ட உண்மைகள். இவ்விரண்டையும் சிரை இரத்தத்தின் சில குறியீடுகளால் இணைத்து, காரண காரியத் தொடராக எழுதுவதற்குரிய சான்று இதுவரை வலுப்பெறவில்லை. அணுக்களின் எண்ணிக்கை செயலைக் காட்டுவதில்லை. சிரை இரத்தம் கருப்பையைக் காட்டுவதில்லை. மும்மாதச் சராசரி வாரத்தின் மாற்றத்தைக் காட்டுவதில்லை. மொத்தத் திறன் என்னும் குறியீடு சிறுநீரகத்தின் பணியைத் தற்காப்பின் தளர்வாகக் காட்டிவிடுகிறது. வைட்டமின் சோதனைகளின் முடிவு இவ்வெச்சரிக்கையை உறுதிப்படுத்துகிறது.

கருவுறாத பெண்ணின் உடலை அளவுகோலாகக் கொண்டு கருவுற்ற பெண்ணின் உடலை மதிப்பிடும்போது, புதிய உயிரைத் தாங்குவதற்காக நிகழும் ஒவ்வொரு மாற்றமும் பிறழ்வாகவே தோன்றும். கர்ப்பத்திற்கு அதற்கேயுரிய இயல்பு வரம்பை வாரவாரியாக வகுத்த பின்னரே அதிலிருந்து விலகுவது எது என்பதைக் கூற இயலும். இப்பொருளில் இனி நிகழவேண்டிய ஆய்வுகள் அப்பணியிலிருந்து தொடங்குதல் தகும்.